'இன்ஃப்ளேமபிள்': தீப்பற்றுமா, பற்றாதா?

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறம் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 'கரெக்ட்' என்றால் சரி; 'இன்கரெக்ட்' என்றால் தவறு. அப்படியானால், 'இன்ஃப்ளேமபிள்' என்பதற்குத் தீப்பற்றாதது என்றுதானே பொருள்?

இல்லை. எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் 'இன்' என்னும் முன்னொட்டு எப்போதும் எதிர்மறையைக் குறிப்பதில்லை. மூச்சை உள்ளிழுப்பதைக் குறிக்கும் 'இன்ஹேல்' என்ற சொல்லில் அது 'உள்ளே' என்ற பொருளைத் தருகிறது. 'இன்ஃப்ளேமபிள்' என்பதும் 'தீ மூட்டு' எனப் பொருள்படும் 'இன்ஃப்ளமாரே' என்ற லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்ததே.

இந்தக் குழப்பம் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லைப் பயன்படுத்த வலியுறுத்தியது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பற்றாத பொருளைக் குறிக்க 'நான்ஃப்ளேமபிள்' என்று எழுத வேண்டும்.

'இன்ஃப்ளமேட்டரி' என்ற உரிச்சொல்லை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. கலவரத்தைத் தூண்டும் பேச்சு 'இன்ஃப்ளமேட்டரி ஸ்பீச்' எனப்படும். மருத்துவத்தில் அச்சொல் அழற்சியைக் குறிக்கும். 'அழல்' என்றால் நெருப்பு. தமிழும் அங்கே நெருப்பையே நினைத்திருக்கிறது.

பெயின்ட்டில் கலக்கும் தின்னர், நகப்பூச்சு நீக்கி, வாசனைத் திரவியம் ஆகியவற்றின் மீதும் இந்த எச்சரிக்கை இருக்கும். 'இன்' என்ற எழுத்துகளை நம்பி அவற்றை அடுப்பருகே வைத்துவிடாதீர்கள்.