கத்தரிக்கோலுக்கும் ஓர் இலக்கம்

ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலுக்கும் வாகனங்களுக்கும் ஒரே வழிதான் இருந்தது. ரயில் போகும்வரை வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குப் போகிற வண்டியும் நிற்க வேண்டியிருந்தது. இன்று வாகனங்களுக்குத் தனிப் பாலம் இருக்கிறது. இது எல்லோரும் பார்த்த மாற்றம். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் வந்துகொண்டிருக்கும் மாற்றத்தை நோயாளி பார்ப்பதில்லை; அவர் மயக்கத்தில் இருப்பார். ஆனால் அவருடைய உயிரோடு சம்பந்தப்பட்டது அது.

நோயாளியின் உடலுக்குள் எதுவும் தங்கிவிடாதிருக்க அன்று இருந்ததெல்லாம் வாய்க் கணக்கு. கருவிகளைத் தட்டில் பரப்பிவிட்டு, “ஆர்ட்டரி ஃபோசெப்ஸ் ஆறு, கத்தரிக்கோல் இரண்டு” என்று ஒரு தாதி சத்தமாக எண்ணுவார். இன்னொருவர் பார்த்து உறுதிசெய்து பலகையில் எழுதுவார். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை, வயிற்றை மூடுவதற்கு முன் ஒரு தடவை, தோலைத் தைக்கும்போது இன்னொரு தடவை. ஒன்று குறைந்தால் குப்பைவாளி, தரை, துணிக்கட்டு என்று தேடுவார்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே.

நல்ல முறைதான். ஆனாலும் களைத்த கண்ணுக்குத் தவறு நேரும். உடலுக்குள் பொருள் தங்கிப்போன 54 நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் அதுல் கவாண்டே குழுவினர் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கெடுப்பு நடந்த சம்பவங்களில் 88 வீதமானவற்றில் கணக்குச் சரி என்றே எண்ணியிருந்தார்கள். அவசர சத்திரசிகிச்சைகளில்தான் ஆபத்து மிக அதிகமாக இருந்தது.

இன்று கருவியிலேயே அரிசிமணி அளவில் ஓர் இலத்திரனியல் அடையாளச் சில்லைப் பதிக்கிறார்கள். அதற்குப் பற்றரி தேவையில்லை. வாசிப்புக் கருவியின் வானொலி அலையே அதற்குச் சக்தி கொடுக்கும். உலோகம் அலையைக் குழப்பும், கிருமிநீக்கும் ஓட்டோகிளேவ் இயந்திரத்தின் 134 பாகை நீராவி சில்லைக் கெடுக்கும் என்பவைதான் நெடுங்காலம் தடையாக இருந்தன. இரண்டையும் தாங்கும் பீங்கான் உறையிட்ட சில்லுகள் வந்த பிறகு வழி திறந்தது. ஜப்பானில் ஒரு வைத்தியசாலையில் சில்லுப் பதித்த கருவிகளை 27 மாதங்கள் பரீட்சித்துப் பார்த்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

எண்ணிக்கை மட்டும் இதன் பயன் அல்ல. பிரித்தானியாவில் 1996இல் இனங்காணப்பட்ட புதுவகை சி.ஜே.டி. மூளைநோய்க்குக் காரணமான பிரியோன் என்ற புரதம், வழமையான கிருமிநீக்கத்திலும் அழியாமல் எஞ்சக்கூடியது. எந்தக் கத்தரிக்கோல் எந்த நோயாளியைத் தொட்டது, எத்தனை முறை கிருமிநீக்கப்பட்டது என்று பதிவிருந்தால்தான் சந்தேகம் வரும்போது அதைத் தேடி எடுக்க முடியும். வாய்க் கணக்கில் அன்றைய எண்ணிக்கைதான் இருக்கும். கருவியின் வரலாறு இருக்காது.

சில்லு வந்தாலும் தாதியின் குரல் ஓயக்கூடாது. கவாண்டேயின் ஆய்வில் உள்ளே தங்கியவற்றில் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்டவை பஞ்சுத்துணிகள்; கத்தரிக்கோலில் இருக்கும் சில்லு துணியைக் காட்டித்தராது. நமது வைத்தியசாலைகளுக்குச் செலவு பெரிது என்றால், லேசரால் பொறித்த குறியீட்டோடு ஆரம்பிக்கலாம். ஒவ்வொன்றாக வாசிக்க நேரம் பிடிக்கும்; ஆனால் வரலாறு பதிவாகும். முதலில் சிசேரியன் செட்டுகளுக்குச் செய்ய வேண்டும். நடுச்சாமத்தில் அவசரமாகத் திறக்கப்படுபவை அவைதான். ஓட்டமாவடித் தாய்க்கும் கொழும்புத் தாய்க்கும் ஒரே பாதுகாப்புக் கிடைப்பதே நியாயம்.