எம்.ஆர்.ஐ. அறையில் கைகளைக் கோக்கலாகாது: ஏன்?

எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்காக ஏற்காட்டிலிருந்தும் சுற்றுப்புற மலைக்கிராமங்களிலிருந்தும் இறங்கி வரும் நோயாளிகளிடம் இரண்டு செய்திகளை வலியுறுத்துகிறோம். உடலில் உலோகம் எதுவும் இருத்தல் கூடாது. படுத்திருக்கும்போது கைகளைக் கோக்கவோ கால்களைப் பின்னிக்கொள்ளவோ கூடாது. ‘வெள்ளி அரைஞாண் காந்தத்தில் ஒட்டாதே, அதையும் கழற்ற வேண்டுமா?’ என்று பலர் வினவுகின்றனர். நியாயமான வினாதான். அதற்குரிய விடை பள்ளி இயற்பியலிலேயே உள்ளது.

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் என்னும் இரும்புத்தாதுவைக் காந்தம் ஈர்க்கும். சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்த பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் உருவான அலுமினியத்தை அவ்வாறு ஈர்க்காது. தங்கம், வெள்ளி, செம்பு ஆகியனவும் அத்தகையனவே. ஆயினும் இவை யாவும் மின்சாரத்தை நன்கு கடத்துவன. இடர் அங்கேதான் உள்ளது.

மழையில் ஒரு பாத்திரத்தை வைத்தால் அதனுள் விழும் நீரின் அளவு மழையின் வலிமை, பாத்திரத்தின் வாயகலம், அது சாய்ந்திருக்கும் விதம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. அதுபோலவே, ஒரு வளையத்தின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவைக் காந்தப்பாயம் என்கிறோம். இப்பாயம் மாறும்போதெல்லாம் வளையத்தில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது என்பதை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். மாற்றம் விரைவாக நிகழ்ந்தால் தூண்டலும் மிகும்.

1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியில், படமெடுக்கப் பயன்படும் வானொலி அலையின் காந்தப்புலம் நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை அலைவுறுகிறது. காப்பு, அரைஞாண் போன்ற வளையங்களில் அப்போது மின்னோட்டம் தூண்டப்பட்டு அவை சூடேறக்கூடும். சரிகை உடையும், அலுமினியத் தாள் கொண்ட சில மருந்துப் பட்டைகளும் இவ்வாறே சுடலாம். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்கள் உலோகமற்ற மஞ்சள் கயிற்றை அணிந்துகொள்ளலாம்.

நம் உடலும் உப்புநீர் நிறைந்த மின்கடத்தியே. கைகளைக் கோத்தால் இரு கைகளும் மார்பும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகின்றன. தோலும் தோலும் தொடும் சிறிய இடத்தில் மின்னோட்டம் குவிந்து தீக்காயம் ஏற்படலாம். தொடைகளுக்கிடையே துணியோ மெத்தைத் துண்டோ வைப்பதும் இதனாலேயே. எங்கேனும் சுடுவதாகத் தோன்றினால், பொறுத்துக்கொள்ளாமல் கையிலுள்ள அழைப்புக் குமிழை உடனே அழுத்துங்கள்.

உடன் வருவோர் அறிய வேண்டியது மற்றொன்று. ஒரு கம்பிச்சுருள் தன்னில் ஓடும் மின்னோட்டம் மாறுவதைத் தானே எதிர்க்கும். அவ்வெதிர்ப்பின் அளவே மின்தூண்டல் எண்; அதன் அலகு ஹென்றி. எம்.ஆர்.ஐ. கருவியின் முதன்மைச் சுருள் இப்பண்பு மிகுதியாக உடையது. திரவ ஹீலியத்தில் சுமார் −269 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்டிருப்பதால் அதில் மின்தடையும் இல்லை. ஆகவே படமெடுக்காத வேளையிலும், இரவிலும், காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும். மின்விளக்கைப் போல அதை நொடியில் அணைக்க இயலாது. அவசர நிறுத்தத்தில்கூட, சுருளில் தேங்கிய ஆற்றல் வெப்பமாகி ஹீலியத்தைக் கொதிக்கச் செய்து வெளியேற்றிய பின்னரே புலம் தணியும்.

2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், உறவினருக்குத் துணையாக வந்த இளைஞர் ஆக்சிஜன் உருளையுடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்தார். காந்தம் அவரை உருளையோடு இழுத்தது; அவர் உயிரிழந்தார். ஆதலால் சக்கர நாற்காலியோ உருளையோ கைப்பேசியோ, பணியாளரின் அனுமதியின்றி எதனையும் உள்ளே கொண்டுசெல்லாதீர்கள்.

பேஸ்மேக்கர், செவியுள் பொருத்திய கருவி, மூளை இரத்தக்குழாய்க் கிளிப், கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத்துகள் ஆகியவற்றுள் எது இருப்பினும் முன்கூட்டியே தெரிவியுங்கள். இக்காலப் பேஸ்மேக்கர்கள் பலவற்றுடன் உரிய முன்னேற்பாடுகளோடு பரிசோதனை செய்ய இயலும். அதற்கு அக்கருவியின் அடையாள அட்டை தேவை. வீட்டிலிருந்து புறப்படும்போதே அதனை மறவாமல் எடுத்து வாருங்கள்.