குழந்தைகளோட அக்டோபர் வீக்எண்ட்: 1,500 ரூபாய்க்குள்ள சென்னையைச் சுத்துறது எப்படி?

காலாண்டுப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சு. அடுத்து காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, விஜயதசமி, அதுக்குப் பின்னாடியே தீபாவளி. வீட்டுல வாண்டுகள் இருந்தா இந்த சீசன் முழுக்க ஒரே கேள்விதான்: "அப்பா, இன்னிக்கு எங்க போறோம்?" ஸ்கூல்ல அடுத்த டேர்ம் ஃபீஸ், தீபாவளி டிரஸ், ஊருக்குப் போற டிக்கெட் எல்லாம் வரிசை கட்டி நிக்கிறதும் இதே சமயத்துலதான். போனஸ் வருமா, எப்ப வரும்னு ஆபீஸ்ல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

வீடியோவுல வேகமா சொல்லிட்டுப் போன கணக்கை இங்க நிதானமா பார்க்கலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம். கணவன், மனைவி, 7 வயசுல ஒரு பொண்ணு, 4 வயசுல ஒரு பையன். கையில வர்ற சம்பளம் 55,000 ரூபாய். சனிக்கிழமை மதியம் மாலுக்குப் போறாங்க. கேப் போக வர 600. படம் நாலு டிக்கெட், ஒண்ணு 190 வீதம் 760 (3 வயசு தாண்டினா பெரும்பாலும் முழு டிக்கெட்தான்). ஆன்லைன் புக்கிங் கட்டணம் 120. பாப்கார்ன், கூல்டிரிங்க் 600. கேம் ஜோன் கார்டு 700. ஃபுட் கோர்ட் 900. மொத்தம் 3,680 ரூபாய். மாசத்துல நாலு வாரமும் இப்படிப் போனா 14,720. சம்பளத்துல கால்வாசிக்கும் மேல!

இதுல படத்துக்குப் போனது 760 மட்டும்தான். அஞ்சுல ஒரு பங்கு. மீதி எல்லாம் பசிச்சப்ப, அழுதப்ப, கால் வலிச்சப்ப போன காசு. இதை முதல்ல புரிஞ்சுக்கணும். "இலவசமா சுத்திப் பார்க்க 10 இடங்கள்"னு லிஸ்ட் எடுத்து வெச்சிருப்பீங்க. ஆனா இலவசமான மெரினாவுக்கே சாயங்காலம் போனாலும் குதிரை சவாரி, பஜ்ஜி, பலூன், ஐஸ்கிரீம், கடைசியில பையன் தோள்ல தூங்கிட்டான்னு ஒரு கேப், எல்லாம் சேர்ந்து 1,200 ரூபாய் அசால்ட்டா காலியாகும். இடத்தை மாத்துறதை விட நேரத்தை மாத்துறதுலதான் காசு மிச்சம்.

காலைல கிளம்புங்க

4 வயசுப் பையனுக்கு ஒரு நாளைக்கு நல்ல மூடுல இருக்குற நேரம் காலைல மூணு, மூணரை மணி நேரம்தான். 12 மணிக்குப் பசி, 1 மணிக்குத் தூக்கம். அந்த நேரத்துல வெளியில மாட்டினா நீங்க எந்த விலைக்கும் சரின்னு சொல்லிடுவீங்க. அதனால 8 மணிக்குக் கிளம்பி 12.30க்கு வீடு திரும்புற மாதிரி பிளான் பண்ணுங்க. மதிய சாப்பாடு வீட்டுல. இந்த ஒரு முடிவுலயே ஃபுட் கோர்ட் 900 போயிடும்.

இந்த சீசனுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ரீல்ஸ்ல 'ஆட்டம்'னா மஞ்சள் இலை, ஸ்வெட்டர்னு காட்டுவாங்க. நம்ம ஊர்ல இலை உதிராது, வானம்தான் உதிரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20ஐ ஒட்டி ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி புரட்டாசியிலேயே சாயங்காலமும் ராத்திரியும் இடி மழை கொட்டும். மழை பிடிச்சதும் கேப் ஆப்ல என்ன ரேட் காட்டும்னு உங்களுக்கே தெரியும்.

ஒரே ஏரியாவைப் பிடிங்க

ஒரு நாளைக்கு ஒரே ஏரியா. என் ஓட்டு கிண்டி, கோட்டூர்புரம் பக்கத்துக்குத்தான். கிண்டி சிறுவர் பூங்கா, பிர்லா கோளரங்கம், அண்ணா நூற்றாண்டு நூலகம் மூணும் சின்ன ஆட்டோ தூரத்துல இருக்கு. மூணையும் ஒரே நாள்ல பார்க்காதீங்க! வெயில் அடிச்சா பூங்கா, மேகமா இருந்தா நூலகம். கோளரங்கத்துல தமிழ், இங்கிலீஷ்னு தனித்தனி காட்சி நேரம் இருக்கு. ஆனா 5 வயசுக்குக் கீழே இருந்தா இருட்டைப் பார்த்து அழ வாய்ப்பு அதிகம், அதை ரெண்டு வருஷம் தள்ளி வைங்க. சிறுவர் பூங்காவுக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை. லீவு நாள்ல வார நடுவுல போறவங்க கவனிச்சுக்கோங்க.

2010ல திறந்த அண்ணா நூலகத்துல குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. செயற்கை மரம், சின்ன நாற்காலி, கீழே உட்கார்ந்து புரட்டப் படப் புத்தகங்கள்னு ரெண்டு மணி நேரம் எப்படிப் போகுதுன்னே தெரியாது. நுழைவுக் கட்டணம் கிடையாது. முக்கியமா, உள்ளே "அதை வாங்கிக் கொடு"ன்னு கேட்க எதுவுமே இல்லை. குழந்தையோட வெளியில போறப்ப இதைவிடப் பெரிய சலுகை வேற எதுவும் கிடையாது.

மழை நாளுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851ல தொடங்கினது. வெண்கலச் சிலைகள் கூடத்துல பெரியவங்க நிப்பாங்க, பசங்க திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே இருந்து நகரவே மாட்டாங்க. வளாகத்துக்குள்ளேயே சிறுவர் அருங்காட்சியகமும் இருக்கு. வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் மூடியிருக்கும். அதனால அக்டோபர் 2 அங்க போய் நிக்காதீங்க.

கதீட்ரல் சாலையில இருக்குற கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் நல்லா இருக்கும். ஆனா அங்க வாசல் டிக்கெட் ஒரு கணக்கு, உள்ளே பறவைக் கூடம், ஜிப்லைன்னு ஒவ்வொண்ணுக்கும் தனி டிக்கெட். எந்த ஒண்ணுக்குக் காசு கட்டப் போறோம்னு வாசலுக்கு வெளியிலேயே பசங்ககிட்ட பேசி முடிச்சிடுங்க. உள்ளே போன பிறகு பேசினா நீங்கதான் தோப்பீங்க.

டிக்கெட் விதியைத் தெரிஞ்சுக்கோங்க

மெட்ரோதான் எப்பவும் மலிவுன்னு பலர் நினைக்கிறோம். தனியா ஆபீஸ் போறவருக்கு அது சரி. மெட்ரோவுல குழந்தைக்கு வயசைப் பார்க்க மாட்டாங்க, உயரம்தான். 90 செ.மீ. வரைக்கும் இலவசம், தாண்டினா முழு டிக்கெட். 4 வயசுல பெரும்பாலான பசங்க அதைத் தாண்டிடுவாங்க. நாலு பேருக்கு 30 ரூபாய் வீதம் போக வர 240 ஆச்சு. க்யூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதத் தள்ளுபடி இருந்தாலும் சுமார் 190. குறைஞ்ச தூரத்துக்கு ஆட்டோவும் கிட்டத்தட்ட அதே காசுதான்.

மின்சார ரயில்ல குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். 5 வயசுக்குக் கீழே இலவசம், 5ல இருந்து 12 வயசு வரை அரை டிக்கெட். பறக்கும் ரயில்ல கோட்டூர்புரம் ஸ்டேஷன் இருக்கு. மேலே இருந்து ஊரைப் பார்த்துக்கிட்டுப் போறதே பசங்களுக்கு ஒரு ரைடு. மாநகரப் பேருந்துல 5 வயசுக்குக் கீழே டிக்கெட் இல்லை, சாதாரணக் கட்டணப் பஸ்ல பெண்களுக்கும் டிக்கெட் இல்லை. நம்ம குடும்பத்துல அப்பாவுக்கு மட்டும்தான் காசு! (பொண்ணுக்கும் சேர்த்துதான் சொல்றேன்.) போறப்ப ரயில் இல்லைன்னா பஸ், திரும்புறப்ப களைப்பா இருக்கும், ஆட்டோ. இந்த ஆட்டோவுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சாப்பாடு

வெளியில சாப்பிடணும்னா மதிய சாப்பாட்டை விட்டுட்டு காலை டிபன் சாப்பிடுங்க. நாலு பேர் இட்லி, பொங்கல், வடை, காபின்னு நடுத்தர ஹோட்டல்ல 400க்குள்ள முடியும். அதே ஹோட்டல்ல மதியம்னா ரெண்டு மடங்கு. பில்லுல 'சர்வீஸ் சார்ஜ்'னு தனியா போட்டிருந்தா அதை எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமா வசூலிக்கக் கூடாதுன்னு 2022லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. 2025ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. ஜிஎஸ்டி வேற விஷயம், அது கட்டித்தான் ஆகணும். பையில தண்ணி, முறுக்கு, வாழைப்பழம் கட்டாயம்.

சாயங்காலத்துக்கு கொலு இருக்கு

நவராத்திரி ஒன்பது நாளும் சாயங்காலம் பொழுதுபோக்கைத் தேடவே வேண்டாம். சொந்தக்காரங்க, அபார்ட்மென்ட்ல தெரிஞ்சவங்க வீட்டு கொலு, கோயில் கொலு. பசங்க ஒரு பாட்டு பாடினா சுண்டல் கிடைக்கும். அதுக்கு முந்தின வாரங்கள்ல மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில பொம்மைக் கடைகள் வரிசையா இருக்கும், அண்ணா சாலை பூம்புகார்ல கண்காட்சி வைப்பாங்க. பொண்ணு கையில 100 ரூபாயைக் கொடுத்து "இதுக்குள்ள உனக்குப் பிடிச்ச ஒரு பொம்மை"ன்னு சொல்லிப் பாருங்க. பத்து கடை ஏறி இறங்கி விலை கேட்பா. ஒரு மணி நேரம் ஓடிடும்.

இப்ப பட்ஜெட்

ஒரு வீக்எண்டுக்கு: பயணம் 300, நுழைவு டிக்கெட் 300, டிபன் 400, பசங்க கேட்கிற ஏதாவது ஒண்ணு 200, எதிர்பாராததுக்கு 300. மொத்தம் 1,500. இது ஒரு நாள் அவுட்டிங். மறுநாள் வீடு, தெரு, மொட்டை மாடி, கொலு.

இந்த 1,500ஐ வெள்ளிக்கிழமை ராத்திரியே யுபிஐ லைட்டுல ஏத்திடுங்க. ஆட்டோ டாப்அப்பை ஆஃப் பண்ணிடுங்க, அது முக்கியம். அதுல அதிகபட்சம் 5,000 வரைக்கும் வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும் பின் இல்லாம கட்டலாம். வெளியில இருக்குறப்ப எல்லாச் செலவும் அதுல மட்டும். பின் கேட்குதுன்னா மெயின் அக்கவுண்டைத் தொடுறீங்கன்னு அர்த்தம். கேம் ஜோன் கார்டு மாதிரி இல்லாம, மிச்சமானதைத் திரும்ப பேங்க் அக்கவுண்டுக்கே எடுத்துக்கலாம். அங்க 700 ஏத்தி 580க்கு விளையாடினா, மீதி 120க்காகவே அடுத்த வாரமும் போவோம்.

மாலுக்குப் போகவே கூடாதுன்னு நான் சொல்லலை. மாசம் ஒரு தடவை போங்க. ஒரு மால் வாரம் 3,680, மூணு சாதா வாரம் 4,500, மொத்தம் 8,180. முன்னாடி 14,720. வித்தியாசம் 6,540 ரூபாய். தீபாவளி டிரஸ்ஸை கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு, முழுசா கட்ட முடியாம மாசம் 3.5 சதவீதம் வட்டி, அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு கட்டுறதுக்குப் பதிலா, இந்தக் காசுலயே நாலு பேருக்கும் டிரஸ் எடுத்துடலாம்.

இதுல கஷ்டமான பகுதி கணக்கு இல்லை. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல, வாரம் முழுக்கக் குழந்தைகூட இருக்க முடியலையேன்னு ஒரு உறுத்தல் இருக்கும். சனிக்கிழமை அந்த உறுத்தல்தான் கார்டைத் தேய்க்கும். ஞாயிறு ராத்திரி பேங்க் மெசேஜைப் பார்த்துட்டு ரெண்டு பேருக்கும் சண்டை. அதனால 1,500ங்கிற நம்பரை ஒருத்தர் மட்டும் முடிவு பண்ணாதீங்க. சம்பளம் வந்த அன்னிக்கே ரெண்டு பேரும் உட்கார்ந்து மாசத்துக்கான 8,180ஐத் தனியா எடுத்து வெச்சிடுங்க. உங்க சம்பளம் 35,000னா தொகையைக் குறைங்க, முறை அதேதான்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் அந்த இடம் திறந்திருக்கா, டிக்கெட் எவ்வளவுன்னு ஒரு தடவை செக் பண்ணிடுங்க, கட்டணம் அடிக்கடி மாறும். பையில ஒரு குடை, பையனுக்கு மாத்துத் துணி ஒரு செட்.