மலையில் தண்ணீர்ப் பந்தல் கிடையாது!

ஊரில் இருந்தபோது பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் நம்மில் பலர் உண்டு. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் இருக்கும். மோர் கொடுப்பார்கள். அன்னதானம் நடக்கும். கால் ஓய்ந்துவிட்டால் பஸ் ஏறிவிடலாம்.

மும்பைக்குப் பிழைக்க வந்த நம் இளைஞர்கள் சிலரை இப்போது வேறோர் ஆசை பிடித்திருக்கிறது. அதுதான் மலையோட்டம். 'டிரெயில் ரன்னிங்' என்பார்கள். தார் ரோட்டில் அல்ல, காட்டுப் பாதையில் ஓடவேண்டும். அதிலும் சாப்பாடு, தண்ணீர், துணிமணி, மருந்து எல்லாவற்றையும் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு, இரண்டு மூன்று நாட்கள் ஓடுவது ஒரு வகை. அங்கே பந்தலும் இல்லை, பஸ்சும் இல்லை.

"தினமும் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம். இது என்ன பெரிய காரியம்?" என்று கேட்கலாம். கால் பலம் பாதி வேலையைத்தான் செய்யும். மறுபாதி, புறப்படும் முன் காகிதத்தில் போடும் கணக்கு. அந்தக் கணக்கு தப்பினால் நஷ்டம் பணத்தில் அல்ல, உயிரில்!

எந்த மலை? எந்த மாதம்?

மத்திய ரயில்வேயில் கசாரா வரை லோக்கல் ரயில் போகிறது. அங்கிருந்து ஜீப்பில் பாரி கிராமத்துக்குப் போனால், எதிரே நிற்பது கல்சுபாய். உயரம் 1,646 மீட்டர். மராட்டிய மாநிலத்தின் மிக உயரமான சிகரம் இதுதான். உச்சியில் அம்மன் கோவில் இருக்கிறது.

ஜனவரி 26-ந்தேதி சனி, ஞாயிறை ஒட்டி வந்தால் மூன்று நாள் விடுமுறை கிடைக்கும். முதல் நாள் கல்சுபாய் ஏறி இறங்கி, பண்டார்தரா ஏரிக்கரை வழியாக ரத்தன்வாடி. இரண்டாம் நாள் காத்ராபாய் கணவாயைத் தாண்டி, கும்ஷேத் வழியாகப் பாச்னை. மூன்றாம் நாள் ஹரிச்சந்திரகட் கோட்டையில் ஏறி, மறுபக்கம் கிரேஷ்வரில் இறங்கினால், மால்ஷேஜ் சாலையில் கல்யாணுக்குப் பஸ் பிடிக்கலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இதற்கு ஏற்ற காலம். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். மூடுபனியில் பாதை மறையும். கோடையில் ஓடைகள் வற்றிவிடும். பாதையின் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம். சிறுத்தையும் உண்டு. எனவே வனத்துறையின் விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி நெய்ஸ்மித் என்பவர் 1892-ல் ஒரு வாய்ப்பாடு சொன்னார். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அத்துடன் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம்.

பாரியிலிருந்து உச்சி சுமார் 6 கிலோமீட்டர், ஏற்றம் 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம். ஏற்றத்துக்கு 1 மணி 20 நிமிடம். ஆக, இரண்டரை மணி நேரம். ஓடுகிறவனுக்கும் இதைக் குறைத்துப் போடாதீர்கள். சமவெளியில்தான் ஓட்டம்; செங்குத்தான ஏற்றத்தில் எவனும் நடக்கத்தான் வேண்டும்.

ஜனவரியில் மாலை ஆறரைக்குள் வெளிச்சம் போய்விடும். நாலு மணிக்கே தங்கும் இடத்தை அடைவதாகத் திட்டம் இருக்கட்டும். மீதி இரண்டரை மணி நேரம் வழி தவறுவதற்கும், கால் சுளுக்குவதற்கும் ஒதுக்கி வைத்த பணம் மாதிரி.

சுமைக் கணக்கு

60 கிலோ எடையுள்ளவர் 30 கிலோமீட்டர் ஓடினால், ஓட்டத்துக்கு மட்டும் சுமார் 1,800 கலோரி செலவாகும். ஏற்றத்துக்கும் உடம்பின் அன்றாடத் தேவைக்கும் தனி. நாளைக்கு 3,000-க்குக் குறையக் கூடாது.

இதற்கு விலை உயர்ந்த டப்பா உணவு தேவையில்லை. 100 கிராம் வேர்க்கடலையில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. நம் கோவில்பட்டி கடலைமிட்டாயும், லோனாவ்லா சிக்கியும் ஒரே ஜாதி. அவல், பேரீச்சம்பழம், சத்துமாவு சேர்த்து நாளைக்குச் சுமார் 700 கிராம் வேண்டும். மூன்று நாளைக்கு ஏறத்தாழ 2 கிலோ. தண்ணீர் 2 லிட்டர் என்றால் அதுவும் 2 கிலோ. போர்வை, கம்பளி, நெற்றி விளக்கு, விசில், மருந்து எல்லாம் இன்னொரு 2 கிலோவுக்குள் அடங்க வேண்டும். மொத்தம் 6 கிலோ. அதைத் தாண்டினால் ஓட்டம் நடையாகிவிடும்.

வெயிலில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் செலவாகும். எனவே அடுத்த ஊற்று எங்கே, அதில் இந்த மாதம் தண்ணீர் உண்டா என்று கிராமத்தாரிடம் கேட்காமல் நகராதீர்கள். "பாணி குட்டே?" என்ற இரண்டு மராத்திச் சொற்கள் போதும். ஊற்றுத் தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடிப்பதும் ஆபத்துதான். இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் சொன்னீர்கள்?

முதல் தடவை தனியாகப் போகவே கூடாது. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அந்தப் பாதையை நடந்தே ஒருமுறை பாருங்கள். பிறகு ஓடலாம்.

பள்ளத்தாக்குகளில் செல்போன் பேசாது. ஆகவே ஒரு தாளில் வழி, தங்கும் ஊர், திரும்பும் நேரம் எல்லாம் எழுதி மனைவியிடமோ அறை நண்பரிடமோ கொடுங்கள். "கடைசி நாள் இரவு ஒன்பது மணிவரை தகவல் இல்லையென்றால் 112-க்குப் பேசு" என்றும் எழுதுங்கள். அடிபட்டுக் கிடந்தால் நிமிடத்துக்கு ஆறு தடவை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். உலகமெங்கும் மலையேறுகிறவர்களுக்குத் தெரிந்த அபாயக் குரல் இது.

திரும்பும் மணி

கணக்கில் கடைசி வரி ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள்.

ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் கணவாயைத் தாண்டாவிட்டால் ரத்தன்வாடிக்கே திரும்புவது என்று எழுதி வந்திருக்கிறார். மணி பன்னிரண்டரை. கணவாய் கண்ணுக்குத் தெரிகிறது. புட்டியில் கால் லிட்டர் தண்ணீர். "இவ்வளவு தூரம் வந்தாயிற்றே!" என்கிறது மனம். லீவு போய்விடும், நண்பர்கள் கேலி செய்வார்கள் என்கிறது.

களைத்த மூளை சொல்வதை நம்பக் கூடாது. வீட்டில், வயிறு நிறைந்து, நிதானமாக இருந்தபோது எழுதிய அந்தத் தாளைத்தான் நம்ப வேண்டும். அவர் திரும்பினால் நஷ்டம் ஒரு லீவு. திரும்பாவிட்டால்? மாதாமாதம் பணம் வரும் என்று ஊரில் காத்திருக்கும் தாயார் யாரிடம் போய்க் கேட்பார்?

கல்சுபாய் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும். மலையோட்டத்துக்கு முடிவிடம் சிகரம் அல்ல. உங்கள் வீட்டு வாசல். அங்கே வந்து செருப்பைக் கழற்றினால்தான் ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம்.