காதுக்குக் கேட்காத ஒலி வலியைப் போக்குமா?

படிவம் 4 வகுப்பில் அலைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

“சார், என் பாட்டிக்குத் தோள்பட்டை வலி. பிசியோதெரபியில் ஜெல் தடவி ஒரு கருவியை வைத்துத் தேய்க்கிறார்கள். சத்தமும் வரவில்லை, சூடும் அவ்வளவாகத் தெரியவில்லை. அது உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பாட்டி கேட்கிறாங்க.”

லகாட் பக்கத்துத் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அந்தப் பாட்டி. காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்த தோள் அது. அவருடைய கேள்வி நல்ல அறிவியல் கேள்வி.

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. பாட்டிக்கு வைக்கும் கருவி பொதுவாக 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். கருவியின் தலைப்பகுதிக்குள் ஒரு படிகத் தகடு இருக்கிறது. மாறுதிசை மின்சாரம் பாயும்போது அது நொடிக்குப் பத்து லட்சம் முறையோ அதற்கு மேலோ விரிந்து சுருங்கும். அந்த அதிர்வே மீயொலி. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். இங்கே நடப்பது அதன் தலைகீழ் விளைவு.

முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பிரான்சின் பால் லாஞ்சவின் இதே விளைவைப் பயன்படுத்தினார். அலை பாய்ந்த தண்ணீரில் சிறு மீன்கள் செத்தன. கையை விட்டால் வலித்தது. மீயொலி உயிருள்ள திசுவைப் பாதிக்கும் என்பது அப்போதே தெரிந்தது. அந்த ஆற்றலை அளவாகக் கொடுப்பதே சிகிச்சை.

ஜெல் எதற்கு? கருவிக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலும், மீயொலி ஏறக்குறைய முழுவதும் எதிரொளிக்கப்பட்டுவிடும். ஜெல் அந்தக் காற்றை விலக்கி அலைக்கு வழிவிடுகிறது. உள்ளே சென்ற அலையின் ஆற்றலைத் தசைநாண், தசைநார் போன்ற புரதம் நிறைந்த திசுக்கள் அதிகமாக உறிஞ்சி வெப்பமாக்குகின்றன. 1 மெகாஹெர்ட்ஸ் அலை ஆழமாகச் செல்லும். 3 மெகாஹெர்ட்ஸ் அலை மேலாகவே உறிஞ்சப்படும். ஒரே இடத்தில் சூடு கூடிவிடாதிருக்கத்தான் கருவியை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, வலி குறையுமா? சத்தமும் சூடும் தெரியாததே இங்கே ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுகிறது. ஒரு குழுவுக்கு உண்மையான மீயொலி, இன்னொரு குழுவுக்கு அலை வெளிவராத கருவி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இதுவே நியாயமான சோதனை.

1999-இல் வெளியான வியன்னா ஆய்வு, தோள் தசைநாணில் கால்சியம் படிந்தவர்களை இப்படிச் சோதித்தது. 6 வாரச் சிகிச்சை முடிந்தபோது மீயொலி பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்குப் படிவு மறைந்தது. மற்றக் குழுவில் ஒருவருக்கும் மறையவில்லை. வலியும் அதிகமாகக் குறைந்தது. ஆனால் 9 மாதம் கழித்து, வலியில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

2001-இல் ஒரு மீளாய்வு, பல்வேறு வலிகளுக்கான 35 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. முறையாக நடந்தவை 10 மட்டுமே. அவற்றுள் இரண்டில்தான் மீயொலி போலிச் சிகிச்சையை வென்றது.

ஆக, பாட்டிக்கு என்ன பதில்? இயற்பியல் உண்மை, திசுவில் வெப்பமும் அதிர்வும் உண்டாகின்றன. ஆனால் எல்லா வலிக்கும் அதுவே மருந்து என்று சொல்லச் சான்று போதாது. சிகிச்சையாளர் சொல்லித்தரும் பயிற்சியைத் தவறாமல் செய்ய வேண்டும். கருவிக்காகப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று மாணவர்களே: இக்கருவியை வாங்கி நீங்களாகவே பயன்படுத்தாதீர்கள். கண், கர்ப்பிணியின் வயிறு, புற்றுநோய் உள்ள இடம் ஆகியவற்றின் மேல் வைக்கவே கூடாது. வளரும் எலும்பின் முனைகளிலும் எச்சரிக்கை தேவை. உங்கள் வயதில் எலும்பு இன்னும் வளர்கிறது.

மறுவாரம் அந்த மாணவி வந்து சொன்னாள்: “பாட்டி இப்போ தினமும் சுவரில் விரலை ஏற்றிப் பயிற்சி செய்றாங்க சார். நான்தான் எண்ணுறேன்.”