தாம்பத்திய நாட்டமின்மையும் ஊசி மருந்தும்

தாம்பத்திய நாட்டம் குறைவது குறித்து வாய்திறந்து பேசும் வழக்கம் எமது சமூகங்களில் இல்லை. தமிழர் இல்லமாயினும் முஸ்லிம் இல்லமாயினும் நிலைமை ஒன்றே. வைத்தியரிடம் சொல்லக் கூசுவோர் இணையத்தில் இரகசியமாக மருந்து தேடுவது ஆபத்தானது என்பதாலேயே இது பற்றி எழுத விழைகிறோம்.

அவ்வாறு தேடப்படும் மருந்துகளுள் ஒன்று, பி.டி.-141 எனப்படும் பிரேமெலனோடைட். இது அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்த பெப்டைட் வகையைச் சார்ந்தது. வயக்ரா இரத்தக் குழாய்களில் செயற்படுகிறது. இதுவோ மூளையிலுள்ள மெலனோகோர்ட்டின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. 2019 ஜூன் மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதனை அங்கீகரித்தது. அவ்வங்கீகாரம் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கே அன்றி ஆண்களுக்கு அல்ல. 1.75 மில்லிகிராம் மருந்து வயிற்றிலோ தொடையிலோ தோலின் கீழ் ஏற்றப்படுகிறது.

பலனோ மிதமானது. பரிசோதனைகளில் மருந்து பெற்றோரில் சுமார் 25 வீதமானோருக்கு நாட்டம் குறிப்பிடத்தக்களவு கூடியது; மருந்தற்ற ஊசி பெற்றோரிலும் 17 வீதமானோருக்குக் கூடியது. 40 வீதமானோருக்குக் குமட்டல் ஏற்பட்டது. இரத்த அழுத்தம் தற்காலிகமாக உயர்வதால், கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் இதனைப் பாவிக்கவே கூடாது.

இதனினும் முக்கியமான நிபந்தனை ஒன்றுண்டு. வேறு நோயாலோ, உட்கொள்ளும் மருந்தாலோ, கணவன் மனைவியரிடையேயான பிணக்காலோ நாட்டம் குறைந்திருப்பின், இம்மருந்து அதற்குரியதன்று.

நானுஓயாவின் மலைச்சரிவில் பகல் முழுதும் கொழுந்து பறித்து, லயத்திற்குத் திரும்பி, அடுப்படியையும் பிள்ளைகளையும் கவனிக்கும் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவளது நாட்டமின்மைக்குப் பின்னால் உடற்சோர்வோ, இரத்தசோகையோ, தைரொயிட் குறைபாடோ, மனச்சோர்வோ, குடித்துவிட்டு வரும் கணவன் மீதான அச்சமோ இருக்கலாம். இவற்றுள் எதனையும் இந்த ஊசி தீர்க்காது. கணவனின் மனக்குறைக்காக மனைவிக்கு மருந்தேற்றுவது சிகிச்சையும் ஆகாது.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, மருந்துகள் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவுசெய்யப்பட வேண்டும். இணையத்தில் வாங்கும் பொதியினுள் இருப்பது யாதென எவரும் உறுதி கூற இயலாது.

1996ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் இரத்த அழுத்தமும் நீரிழிவும் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. அங்கு வரும் பெண்களிடம் இவ்விடயத்தையும் தனிமையில், தமிழில் விசாரிக்கச் சுகாதாரத் துறையினர் முன்வர வேண்டும். கூச்சத்தைப் போக்கும் பொறுப்பு நோயாளியுடையது மட்டுமன்று என்பதே எமது கருத்தாகும்.