இருபத்திரண்டு குறும்படங்கள், ஒரே நுழைவுச்சீட்டு: காஸாவின் கதைகள் திரைக்குப் போன வழி

காஸாவிலிருந்து வரும் வீடியோக்களுக்கு எமது கைபேசிகளில் பஞ்சமில்லை. காலையில் வட்ஸ்அப் குழுமத்தில் ஒன்று வருகிறது. மாலையாவதற்குள் அதன் மேல் நூறு செய்திகள் விழுந்துவிடுகின்றன. பார்க்கிறோம், துஆச் செய்கிறோம், அடுத்ததற்குப் போகிறோம். அதே காஸாவின் கதைகளை வெளிநாட்டு மக்கள் காசு கொடுத்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அமர்ந்து பார்க்கும்படி செய்த ஒரு குறும்படத் தொகுப்பு இருக்கிறது. அது எப்படித் தயாரானது, எப்படி மக்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

தொகுப்பின் ஆங்கிலப் பெயர் 'ஃப்ரொம் கிரவுண்ட் ஸீரோ'. அரபுப் பெயரின் பொருள் 'பூச்சியத் தூரத்திலிருந்து' என்பதாகும். இதைத் தொடக்கியவர் ரஷீத் மஷ்ராவி. 1962இல் காஸாவில் பிறந்து, ஷாத்தி அகதி முகாமில் வளர்ந்த பலஸ்தீனத் திரைப்பட இயக்குநர். 2023 ஒக்டோபரில் போர் தொடங்கிய பின்னர், காஸாவுக்குள் இருக்கும் கலைஞர்களே தமது கதையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நிதியத்தை உருவாக்கினார். உள்ளே இருந்தவர்கள் படம்பிடித்தார்கள், இணையம் கிடைத்த நேரங்களில் காட்சிகளை அனுப்பினார்கள். மீதி வேலைகளை வெளியே இருந்தவர்கள் செய்து முடித்தார்கள். அப்படி உருவானவை 22 படங்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள் மட்டுமே.

இவற்றில் ஆவணப்படம் உண்டு, புனைவு உண்டு, பொம்மலாட்டம் உண்டு, அனிமேஷனும் உண்டு. என்னை அதிகம் பாதித்தது அந்த அனிமேஷன் பகுதிதான். கமீஸ் மஷ்ராவி இயக்கிய 'மென்மையான தோல்' என்ற படத்தில், இடம்பெயர்ந்த சிறுவர்கள் கடதாசியில் உருவங்களை வெட்டி, நகர்த்தி, தாங்களே ஓர் அனிமேஷன் செய்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதை இதுதான்: குண்டு விழுந்தால் ஜனாஸாவை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக, தாய்மார் தமது பிள்ளைகளின் கை கால்களில் பெயரை எழுதிவைக்கிறார்கள். கெமராவால் நேரடியாகக் காட்டினால் பலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். கடதாசி உருவமாக வரும்போது கடைசி வரை பார்க்கிறோம். அனிமேஷன் என்பது சிறுவர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இப்போது விநியோகத்துக்கு வருவோம். ஐந்து நிமிடப் படத்துக்கு எந்தத் திரையரங்கும் நுழைவுச்சீட்டு விற்காது. குறும்படங்கள் பெரும்பாலும் விழாக்களில் ஓடும், பிறகு யூடியூபில் ஒரு மூலையில் கிடக்கும். முழுநீளப் படம் என்று ஒஸ்கார் ஏற்றுக்கொள்வதற்கு 40 நிமிடங்களுக்கு மேல் இருக்க வேண்டும். மின்சாரமில்லாத கூடாரத்தில் இருக்கும் 22 பேர், 22 விண்ணப்பங்களையும் 22 ஒப்பந்தங்களையும் கையாள்வது நடக்கிற காரியமா? ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்தால் அது ஒரே படம். ஒரு சுவரொட்டி, ஒரு ஒப்பந்தம், ஒரு நுழைவுச்சீட்டு. தொகுப்பாக வெளியிட்டது இந்தப் படங்கள் உள்ளே போவதற்கான கதவைத் திறந்தது.

அந்தக் கதவும் இலகுவில் திறக்கவில்லை. 2024 மே மாதம் கான் விழாவின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம் கிடைக்காதபோது, மஷ்ராவி அங்கேயே ஒரு கூடாரத்தில் படத்தைத் திரையிட்டார். ஜூலையில் ஜோர்தானின் அம்மான் விழாவிலும், செப்டெம்பரில் கனடாவின் டொரொன்டோ விழாவிலும் அது காட்டப்பட்டது. பலஸ்தீன் தனது சார்பில் ஒஸ்காருக்கு அனுப்பியது இந்தப் படத்தைத்தான். டிசெம்பரில் வெளியான 15 படங்களின் குறும்பட்டியலில் அது இடம்பிடித்தது. இறுதி ஐந்துக்குள் வரவில்லை.

அமெரிக்காவில் 2025 ஜனவரி 3ஆம் திகதி இதைத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது வோட்டர்மெலன் பிக்சர்ஸ் என்ற நிறுவனம். பலஸ்தீனக் குரல்களுக்கு இடம் கொடுப்பதற்காக 2024இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. தர்பூசணி பலஸ்தீனக் கொடியின் நிறங்களைத் தாங்கிய பழம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இதன் முக்கியத்துவம் ஓர் ஒப்பீட்டில் புரியும். மேற்குக் கரையைப் பற்றிய 'நோ அதர் லேண்ட்' ஆவணப்படம் 2025 மார்ச்சில் ஒஸ்கார் விருதையே வென்றது. அப்போதும் அதற்கு அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர் இருக்கவில்லை. படக்குழுவினரே அரங்குகளை ஒழுங்குசெய்ய வேண்டியிருந்தது. விருது கிடைத்தாலும் வழி திறப்பதில்லை. வழியைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் தேவை.

தொகுப்பு முறையில் ஒரு குறையும் உண்டு. 22 பேரின் உழைப்பு ஒரே தலைப்புக்குள் போய்விடுகிறது. கழுதை வண்டி ஓட்டும் ஒருவரைப் பற்றி இஃதிமாத் வஷாஹ் ஒரு படத்தைத் தொடங்கினார். இடையில் அவரது சகோதரரும் அவருடைய பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். படத்தை முடிக்க இயலவில்லை என்று அவரே திரையில் தோன்றிச் சொல்கிறார். அந்தப் பாதிப் படமும் தொகுப்பில் இருக்கிறது. தனியாக இருந்திருந்தால் எந்த விழா அதை எடுத்திருக்கும்? ஆனால் அவருடைய பெயரை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்போம்?

சினிமா என்றாலே முகம் சுளிப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களது தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் காஸாவின் கதையைக் காஸா மக்கள் சொல்லாவிட்டால், அதை வேறு யாரோ தமக்கு ஏற்றபடி சொல்வார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இலங்கையில் நாம் செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. பல்கலைக்கழக முஸ்லிம் மஜ்லிஸ்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு மண்டபத்தை ஒழுங்குசெய்து, விநியோகஸ்தரிடம் முறையாக அனுமதி கேட்டு, இங்குள்ள தணிக்கை விதிகளையும் பின்பற்றி இதைத் திரையிடலாம். தமிழ் வசனவரிகளைத் தயாரித்துக் கொடுக்க மொழிபெயர்ப்பாளர்கள் எம்மிடம் இருக்கிறார்கள். திருட்டுப் பிரதியை அனுப்புவது இலகு. ஆனால் ஊரிலிருந்து போகும் ஒவ்வொரு முறையான கோரிக்கையும், இப்படிப்பட்ட படங்களுக்குப் பார்வையாளர் இருக்கிறார்கள் என்று விநியோகஸ்தருக்குச் சொல்கிறது. அடுத்த படத்தை எடுக்கத் துணியும் நிறுவனத்துக்கு அந்தக் கணக்குத்தான் தேவை. திரையிடும் அன்று துண்டுப்பிரசுரத்தில் அந்த 22 பெயர்களையும் தமிழில் அச்சிடுங்கள்.